பிறநாட்டு வைத்தியரும் ஐரோப்பியப் பதிவு விதிகளும்

எமது கல்லூரியின் பழைய மாணவருள் வைத்தியத் துறையிற் புகுந்தோர் தொகை சிறிதன்று. அவருட் சிலர் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் நிலைத்துள்ளனர். பலர் கடல் கடந்துள்ளனர். வைத்தியராக விரும்பும் மாணவனொருவனை நோக்கி, "பின்னர் எங்கே செல்வாய்?" என வினவின், முன்னாளில் இலண்டன் என்ற ஒரே விடை வரும். இந்நாளில் ஜேர்மனி, நோர்வே, சுவிற்சர்லாந்து என்னும் பெயர்களும் வருகின்றன. ஆயின் அந்நாடுகள் பிறநாட்டு வைத்தியரை எவ்விதி கொண்டு ஏற்கின்றன, எவ்விதி கொண்டு மறுக்கின்றன என்பதை அறிந்தோர் நம்மிடையே மிகச் சிலரே. அறியாமையாற் கழிவன பணமும் ஆண்டுகளுமாம். ஆதலின், பாராட்டுரைகளும் நினைவுரைகளும் நிறைந்த இம்மலரிலே, சிறிது வறண்ட பொருளெனினும் இதனை எடுத்து ஆராயப் புகுந்தோம்.

"ஐரோப்பா இன்று ஒன்றே, ஒரு நாட்டிற் பதிவு பெற்றுவிட்டால் எங்கும் தொழில் புரியலாம்" என்று நம்மவர் பலர் கூறக் கேட்டுள்ளோம். இக்கூற்றிற் பாதி உண்மை. மற்றைப் பாதியை நம்பிச் சென்றோரே இடர்ப்பட்டனர்.

முதலில் இரு சொற்களை வேறுபிரித்து அறிதல் வேண்டும். ஒருவர் பெற்ற பட்டமும் பயிற்சியும் தன் நாட்டுப் பட்டத்துக்கும் பயிற்சிக்கும் ஒப்பானவையென ஒரு நாடு கொள்வது அங்கீகாரம். அந்நாட்டு வைத்தியர் ஏட்டில் அவர் பெயரை எழுதி, நோயாளியைத் தொடுவதற்கு உரிமை வழங்குவது பதிவு. முன்னது பத்திரத்தைப் பற்றியது. பின்னது ஆளைப் பற்றியது. அவருடைய ஒழுக்கம், உடல்நலம், மொழியறிவு ஆகியன பின்னதிலேயே ஆராயப்படும். நாட்டினுள் நுழைவதற்கான விசா இவ்விரண்டிற்கும் புறம்பானது. விசா கிடைத்தமையாற் பட்டமும் ஏற்கப்பட்டதென எண்ணி விமானமேறியோர் உளர்.

1957ஆம் ஆண்டு உரோமாபுரியிற் கைச்சாத்தான உடன்படிக்கை, அங்கத்துவ நாடுகள் தத்தம் பட்டங்களை ஒன்றையொன்று ஏற்றற்குப் பொதுவிதிகள் இயற்றப்படல் வேண்டுமென 57ஆம் உறுப்புரையிற் கூறிற்று. கூறுதல் எளிதாயிற்று, வைத்தியர் விடயத்தில் அதனைச் செய்து முடிக்கப் பதினெட்டு ஆண்டுகள் சென்றன. 1975ஆம் ஆண்டு ஜூன் மாதம் 16ஆம் நாளிலேதான் வைத்தியர்க்குரிய முதற் பணிப்புரைகள் பிறந்தன. பணிப்புரையென்பது, ஒவ்வோர் அங்கத்துவ நாடும் குறித்த தவணையுள் தன் சொந்தச் சட்டத்திற் புகுத்தவேண்டிய பொதுவிதியாகும். தாதியர்க்கு 1977இலும், பல் வைத்தியர்க்கு 1978இலும், மருத்துவிச்சியர்க்கு 1980இலும், மருந்தாளர்க்கு 1985இலும் அத்தகைய விதிகள் தொடர்ந்தன. இவையும் மிருக வைத்தியர், கட்டடக் கலைஞர் ஆகியோர்க்குரியனவும் 2005ஆம் ஆண்டு செப்டெம்பர் 7ஆம் நாள் இயற்றப்பட்ட 2005/36 என்னும் ஒரே பணிப்புரையுள் அடக்கப்பட்டன. இன்று ஆட்சி செலுத்துவது 2013இல் திருத்தப்பெற்ற அப்பணிப்புரையே. ஐரோப்பிய ஒன்றியத்தைச் சாராத நோர்வே, ஐஸ்லாந்து, லீக்டன்ஸ்டைன் ஆகியனவும் உடன்படிக்கை வழியாக இதனைக் கைக்கொள்கின்றன. சுவிற்சர்லாந்தும் 2002 ஜூன் முதல் நடைமுறையிலுள்ள வேறோர் உடன்படிக்கை வழியாக இவ்வொழுங்கினுள் நிற்கின்றது.

இவ்வொழுங்கின் அடிப்படை யாதெனின், பாடத்திட்டங்களை ஒவ்வொன்றாக ஒப்புநோக்கி மாளாதென உணர்ந்து, ஆகக்குறைந்த அளவொன்றை வகுத்தமையே. வைத்தியர்க்கு ஐந்து ஆண்டும் 5500 மணித்தியாலமும். பல் வைத்தியர்க்கு ஐந்து ஆண்டும் 5000 மணித்தியாலமும். பொதுத் தாதியர்க்கு மூன்று ஆண்டும் 4600 மணித்தியாலமும். தாதியர் பயிற்சியிற் பாதிக்குக் குறையாத பகுதி நோயாளியின் அருகிலும், மூன்றிலொன்றுக்குக் குறையாத பகுதி வகுப்பறையிலும் நிகழ்தல் வேண்டும். இவ்வளவை நிறைத்த பட்டங்களின் பெயர்கள் நாடு நாடாகப் பணிப்புரையின் பின்னிணைப்பில் எழுதப்பட்டுள்ளன. லிஸ்பனிற் பட்டம் பெற்ற போர்த்துக்கேயப் பிரசை ஸ்டொக்கோமிற் பத்திரத்தை நீட்டினால், "உனக்கு என்ன தெரியும்?" என்று எவரும் வினவார்; பெயர் பட்டியலில் உளதா என்றே பார்ப்பர். இதனைத் தன்னியக்க ஏற்பு என்பர். கொத்தால் அளப்பது நெல்லின் தொகையைக் கூறுமேயன்றி அதன் முற்றலைக் கூறாது என்று நம் கமக்காரர் அறிவர். ஐரோப்பியரும் அதனை அறியாதவரல்லர். எனினும் ஒருவர் அளவையை மற்றவர் நம்பாவிடிற் சந்தை நடவாது.

இந்நம்பிக்கை எல்லைக்குட்பட்டது. தன்னியக்க ஏற்புக்கு இரு திறவுகோல்கள் வேண்டும்: பத்திரம் அங்கத்துவ நாடொன்றிற் பிறந்திருத்தல் வேண்டும், அதற்குரியவரும் அங்கத்துவ நாடொன்றின் பிரசையாதல் வேண்டும். வைத்தியம் பயிலக் கிழக்கு ஐரோப்பாவுக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர் இவ்விரண்டாவதைக் கவனித்தல் நன்று. பல்கேரியாவிற் பெற்ற பட்டம் ஐரோப்பியப் பட்டமே. ஆனால் அதனைப் பெற்ற இலங்கைப் பிரசைக்கு இப்பணிப்புரை தானாக உரிமை அளிப்பதில்லை. ஒன்றியப் பிரசையொருவரின் குடும்பத்தினராகவோ, நீண்டகால வதிவுரிமை பெற்றவராகவோ, புகலிடம் வழங்கப்பெற்றவராகவோ, நீல அட்டை எனப்படும் தொழில் அனுமதி பெற்றவராகவோ அவர் இருப்பின், வேறு விதிகளின் வழியே சமவுரிமை கோரலாம். அன்றேல் அந்தந்த நாட்டின் சொந்தச் சட்டத்தையே நாடல் வேண்டும்.

பத்திரமே யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ பிறந்திருப்பின் யாது செய்வது? மூன்றாம் நாட்டுப் பட்டத்தைத் தன் சொந்த விதிப்படி ஏற்க ஒவ்வோர் அங்கத்துவ நாட்டிற்கும் உரிமையுண்டு. ஆயின் மேற்கூறிய ஆகக்குறைந்த அளவை அது மீறலாகாது. அவ்வாறு ஒரு நாடு ஏற்றபின், அந்நாட்டிலேயே மூன்று ஆண்டுகள் தொழில் புரிந்து, அதற்கு அந்நாட்டின் சான்றும் பெற்றால், இரண்டாம் நாட்டின் வாயிலில் அப்பட்டம் ஐரோப்பியப் பட்டம் போல் மதிக்கப்படும். அப்பொழுதும் தன்னியக்க ஏற்பு இல்லை. பயிற்சியை ஒப்புநோக்கும் பொதுமுறையே உண்டு. அவ்வழி செல்வதற்கும் பிரசாவுரிமை அல்லது மேற்சொன்ன சமவுரிமைகளுள் ஒன்று வேண்டும்.

இவ்விதியின் உயிர்நிலையை விளக்க இரு பல் வைத்தியரின் வழக்குகளை எடுத்துரைப்போம். இரண்டும் லக்சம்பேர்க்கிலுள்ள ஐரோப்பிய நீதிமன்றில் 1994ஆம் ஆண்டு பெப்ரவரி 9ஆம் நாள், ஒரே நாளிலே தீர்க்கப்பட்டன.

தாவில்-அல்பெர்த்தினி என்பவர் பிரெஞ்சுப் பிரசை. பல் வைத்தியப் பட்டம் பெற்றது லெபனானில். அப்பட்டத்தைப் பெல்ஜியம் தன் பட்டத்திற்கு ஒப்பானதென ஏற்றது. அவ்வேற்பைக் காட்டித் தம் சொந்த நாடான பிரான்சில் தொழில் புரிய இசைவு கோரினார். பிரான்சு மறுத்தது. பெல்ஜியம் ஏற்றமை பெல்ஜியத்தையே கட்டுப்படுத்தும். மூன்றாம் நாட்டுப் பட்டத்தைப் பற்றி ஒரு நாடு செய்த முடிவை மற்றொரு நாடு தலைமேற் கொள்ளவேண்டுமெனப் பல் வைத்தியர் பணிப்புரை விதிக்கவில்லை என்றது நீதிமன்று.

ஹைம் என்பவர் இத்தாலியப் பிரசை. அவர் பட்டம் பெற்றது 1946இல், இஸ்தான்புல் பல்கலைக்கழகத்தில். துருக்கியில் 1980 வரை தொழில் புரிந்தார். பின்னர் பெல்ஜியத்தின் ஏற்பைப் பெற்று பிரசெல்சிற் பல்லாண்டு பணியாற்றினார். ஜேர்மனியிலும் பல் வைத்தியராக அனுமதி பெற்றிருந்தார். எனினும் அந்நாட்டின் சமூகக் காப்புறுதித் திட்டத்திற் சேர்ந்து நோயாளரைப் பார்க்க விண்ணப்பித்தபொழுது, இரண்டு ஆண்டு ஆயத்தப் பயிற்சி பெற்றுவருமாறு அவரைப் பணித்தனர். முப்பதாண்டுக்கு மேல் பற்களைப் பார்த்தவர் மீண்டும் பயிலுநராதல் வேண்டுமாம்! இங்கு நீதிமன்று வேறொரு கதவைத் திறந்தது. பணிப்புரை அவரைக் காக்கவில்லையென்பது உண்மையே. ஆயினும் பிரசையொருவர் விரும்பிய அங்கத்துவ நாட்டிற் தொழில் நிறுவும் உரிமை உடன்படிக்கையிலேயே உள்ளது. ஆதலின் அவர் ஏற்கெனவே பெற்ற அனுபவம் கேட்கப்படும் பயிற்சிக்கு எவ்வளவு ஈடாகுமென ஆராயாமல் அவரை மறுத்தல் ஆகாது என்றது.

இவ்விரு தீர்ப்புகளையும் அருகருகே வைத்துப் படிப்போர்க்கு ஓர் உண்மை புலனாகும். முதலாவதிற் பேசப்பட்டது பத்திரம். இரண்டாவதிற் பேசப்பட்டவன் மனிதன். பத்திரத்தின் பயணம் முதல் வாயிலோடு நின்றுவிடலாம். அதனைச் சுமந்தவன் கற்றதும் செய்ததும் எவ்வாயிலிலும் எடைபோடப்படல் வேண்டும். இக்கொள்கை 2000 செப்டெம்பர் 14இல் ஹொக்ஸ்மன் என்னும் வைத்தியரின் வழக்கில் மேலும் தெளிவுபெற்றது. அவர் 1976இல் ஆர்ஜென்டீனாவின் புவனஸ் அயர்ஸ் நகரிற் பட்டம் பெற்றவர். அதனை ஸ்பெயின் ஏற்க, பார்சலோனாவிற் சிறுநீரியல் விசேட பயிற்சி முடித்து, 1986இல் ஸ்பானியப் பிரசையுமானார். பிரெஞ்சு வைத்தியசாலைகளிற் கீழ்நிலைப் பதவியிற் பணிபுரிந்த அவர் முழு வைத்தியராகப் பதிவு கோரியபொழுது, அடிப்படைப் பட்டம் ஆர்ஜென்டீனப் பட்டமென்று தள்ளினர். பட்டங்கள், சான்றுகள், அனுபவம் யாவற்றையும் ஒருங்கே நோக்கி, நாடு கேட்கும் அறிவோடு ஒப்பிடுதல் அதிகாரிகளின் கடமை. ஒரு பகுதியே பொருந்துமாயின் எஞ்சிய பகுதியை மட்டுமே நிறைவுசெய்யச் சொல்லலாம் என்பது தீர்ப்பு. எஞ்சிய பகுதியை மட்டுமே என்னுஞ் சொற்களை நம் மாணவர் மனத்திற் பதித்தல் வேண்டும். இன்று ஐரோப்பிய நாடுகளிற் கேட்கப்படும் ஈடுசெய் பயிற்சியும் தேர்வும் இக்கருத்தையே அடியாகக் கொண்டவை.

இதுவரை கூறியவற்றால், அதிகாரிகள் வீணே கதவடைப்போரென்று எவரேனும் எண்ணின் அது முறையன்று. நோயாளியும் ஒருவர் உளர். 2008ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில், இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ்சயரில் எழுபது வயது முதியவரொருவர் சிறுநீரகக் கல்லின் வலியால் துடித்தார். விடுமுறை நேரக் கடமைக்கு ஜேர்மனியிலிருந்து வந்திருந்த வைத்தியரொருவர் டயமோர்பின் என்னும் மருந்தினை 100 மில்லிகிராம் ஏற்றினார். கொடுக்கக்கூடிய அளவிலும் அது பத்து மடங்கு. முதியவர் இறந்தார். பிரித்தானியா அக்காலத்தில் ஒன்றியத்தில் இருந்தது. வந்தவர் ஐரோப்பியப் பிரசை. ஆதலின் பொது வைத்தியப் பேரவை மொழித் தேர்வு எதுவும் வையாமலே அவரைப் பதிந்திருந்தது. இலங்கையிலிருந்து சென்ற வைத்தியர்க்கு ஆங்கிலத் தேர்வும் அறிவுத் தேர்வும் கட்டாயமாயிருந்த அதே காலத்தில் நிகழ்ந்தது இது. கொத்தளவை நம்பியதன் விலை அன்று வெளிப்பட்டது.

பல் வைத்தியரிடம் மொழியறிவைக் கேட்டல் தகுமென ஹைம் அவர்களின் பிந்திய வழக்கிலேயே, 2000 ஜூலை 4இல், நீதிமன்று கூறியிருந்தது. 2013ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை விதியாக்கிற்று. நோயாளியின் பாதுகாப்போடு தொடர்புடைய தொழில்களில், பட்டத்தை ஏற்றபின், பதிவுக்கு முன்னர் மொழியைச் சோதிக்கலாம். அன்றியும் ஒரு நாட்டிற் தொழில் தடைசெய்யப்பட்டவரின் பெயரை மூன்று நாட்களுள் ஏனைய நாடுகளுக்கு அறிவிக்கும் எச்சரிக்கை முறையும் ஏற்பட்டது. தாதியர், மருந்தாளர், இயன்மருத்துவர் முதலியோர்க்கு 2016 ஜனவரி முதல் ஐரோப்பிய உத்தியோக அட்டையென ஒன்றும் வழங்கப்படுகின்றது.

பிரித்தானியா 2020 ஜனவரி 31இல் ஒன்றியத்தை விட்டது. அவ்வாண்டின் இறுதியோடு இவ்விதிகளும் அங்கு ஒழிந்தன. அதன்பின் இலண்டனிற் பெற்ற பட்டமும் ஐரோப்பியர்க்கு மூன்றாம் நாட்டுப் பட்டமே. அங்கே மேற்பயிற்சி முடித்து ஜேர்மனி செல்லலாமென எண்ணுவோர் இம்மாற்றத்தை மறத்தலாகாது.

நம்மவர் பெரிதும் நாடும் ஜேர்மனியின் முறையைச் சிறிது விரித்துரைப்போம். 2012 ஏப்ரல் 1இல் நடைமுறைக்கு வந்த அங்கீகாரச் சட்டத்திற்கு முன்னர், முழு உரிமைப் பதிவு பெரும்பாலும் ஜேர்மானியர்க்கும் ஐரோப்பியப் பிரசைகளுக்குமே உரியதாயிருந்தது. ஏனையோர் தற்காலிக அனுமதியோடு காலங்கழித்தனர். அச்சட்டம் பிரசாவுரிமையைக் கேளாது தகுதியைக் கேட்கும் முறையைக் கொணர்ந்தது. பயிற்சியிற் காணும் குறையை அனுபவத்தால் ஈடுசெய்யலாம். அவ்வனுபவம் எந்நாட்டிற் பெறப்பட்டதென்பது பொருட்டன்று. ஈடாகாவிடின் அறிவுத் தேர்வு உண்டு. அது நோயாளியை முன்னிறுத்தி வாய்மொழியாகவும் செய்முறையாகவும் நடப்பது. உள்நோய் மருத்துவமும் சத்திரசிகிச்சையும் அதன் மையம். தவறின் இருமுறை மீளத் தோற்றலாம்.

இதனின் வேறானது மருத்துவமொழித் தேர்வு. இருபது நிமிடம் நோயாளியாக நடிப்பவரோடு உரையாடல். இருபது நிமிடம் கேட்டதை வைத்தியக் கடிதமாக எழுதுதல். இருபது நிமிடம் மற்றொரு வைத்தியருக்கு அந்நோயாளியைப் பற்றி எடுத்துரைத்தல். இம்மூன்றும் சேர்ந்தது ஒரு மணித்தியாலம். நம்மவர் அஞ்சுவது அறிவுத் தேர்வுக்கு. பெரிதும் அஞ்சவேண்டியது இதற்கே என்பது எம் கருத்து. ஆங்கிலத்திற் பயின்ற மருத்துவச் சொற்கள் நாவில் நிற்கும். "நெஞ்சு பிசையுது டொக்டர்" என்று நம்மூர் முதியவள் சொல்வதற்கு ஈடானதை ஒரு ஜேர்மானிய முதியவள் தன் வட்டார வழக்கிற் சொல்லும்பொழுதே சோதனை தொடங்குகின்றது.

ஒப்பிடுவதற்கே பொருளில்லாத தொழில்களும் உள. நாம் அறிந்த ஒருவர் வன்னியிற் கிராமிய வைத்தியசாலையொன்றைத் தனியாளாய் நடத்தியவர். உதவி வைத்தியர் என்பது பதவிப்பெயர். ஊரார் அவரை அப்போதிக்கரியார் என்பர். பாம்புக்கடிக்கும் பிரசவத்துக்கும் நள்ளிரவில் எழுப்பப்பட்டவர். புகலிடம் தேடி ஐரோப்பிய நகரொன்றை அடைந்தபொழுது, அவர் பட்டத்தை எதனோடு ஒப்பிடுவதென்றே அதிகாரிகளுக்கு விளங்கவில்லை. வைத்தியருமல்லர், தாதியுமல்லர். பெரியதோர் வைத்தியசாலையின் சலவைப் பகுதியிற் பன்னிரண்டு ஆண்டுகள் விரிப்புகளை மடித்தார். மேல்மாடி விடுதிகளில் யாருக்கு என்ன நோயென்று விரிப்பிலுள்ள கறையைக் கொண்டே சொல்லிவிடுவேன் என்று எம்மிடம் ஒருமுறை சிரித்துக்கொண்டு கூறினார். அச்சிரிப்பில் நாம் கலந்துகொள்ளவில்லை.

சான்றுகளைப் போரில் இழந்தோர்க்கு, அவர் முன்கற்றதை மதிப்பிடும் வழிகளைத் திறந்துவிடல் வேண்டுமென 2011ஆம் ஆண்டின் பாதுகாப்புப் பணிப்புரை விதித்தது. உக்கிரேனிலிருந்து மக்கள் பெருந்தொகையாக வந்தபொழுது, 2022 ஏப்ரலில், அவர்தம் தகுதிகளை விரைந்து ஏற்குமாறு ஐரோப்பிய ஆணைக்குழு பரிந்துரைத்தது. மூன்றாம் நாட்டவர் அனைவர்க்குமாக 2023 நவம்பரில் மற்றொரு பரிந்துரை வந்தது. பரிந்துரை சட்டமன்று. எனினும் அப்போதிக்கரியார் போன்றோர் வந்த காலத்தில் இவற்றுள் ஒன்றேனும் இருந்திலது.

பிறரைக் குறைகூறுமுன் நம் வாயிலையும் நோக்குதல் நேர்மை. ருசியாவிலோ சீனாவிலோ வைத்தியம் கற்று மீளும் நம் பிள்ளைகளை இலங்கை மருத்துவச் சபை பதிவுப் பரீட்சையொன்றில் தேறிய பின்னரே ஏற்கின்றது. அப்பரீட்சை வேண்டுமென்று வாதிடும் வைத்தியர் சிலரே, ஜேர்மனியர் தம்மைப் பரீட்சிப்பதை அநீதியென்பர்!

இனி, புறப்பட எண்ணுவோர்க்குச் சில சொல்வோம். விண்ணப்பம் முழுமையானபின் மூன்று மாதத்துள் முடிவு கூறல் வேண்டுமெனவும், பொதுமுறையில் மேலும் ஒரு மாதம் நீடிக்கலாமெனவும் பணிப்புரை கூறுகின்றது. ஆனால் மணிக்கூடு ஓடத்தொடங்குவது இறுதிப் பத்திரம் சேர்ந்த பின்னரே. நம்மவர் கோவைகள் பலவும் இங்குதான் துயில்கின்றன. பட்டச் சான்று மட்டும் போதாது. ஒவ்வொரு பாடத்துக்கும் விரிவுரை எத்தனை மணி, விடுதிப் பயிற்சி எத்தனை மணி என்று பீடம் உறுதிப்படுத்திய விரிவான பட்டியல் வேண்டும். தாதியர்க்கு, முதியோர் பராமரிப்பு, உளநோய்ப் பராமரிப்பு, வீட்டுத் தாதிமை ஆகியன தனித்தனியே எழுதப்பட்டிருத்தல் நன்று. பெற்ற பயிற்சியும் எழுதப்படாவிடிற் பெறாததாகவே கொள்ளப்படும். உள்ளகப் பயிற்சிக்கும், பணிபுரிந்த ஒவ்வொரு வைத்தியசாலைக்கும் தொடக்கத் திகதியும் முடிவுத் திகதியும் காட்டும் கடிதம் வாங்குக. இவற்றை நாட்டிலிருக்கும்பொழுதே பெறுதல் எளிது. பத்தாண்டு கழித்துக் கடிதமெழுதிப் பெறுதல் அரிது. மருத்துவச் சபையின் நன்னிலைச் சான்றை மட்டும் முன்கூட்டி வாங்கவேண்டாம். அது சில மாதங்களிலேயே பழையதாகிவிடும்.

பெயரையும் பார்த்துக்கொள்க. பிறப்புச் சான்றில் தந்தை பெயர் முன்னும், பட்டச் சான்றில் முதலெழுத்து மட்டும், கடவுச்சீட்டில் தந்தை பெயரே குடும்பப் பெயராகவும் நிற்பின், ஐரோப்பிய அலுவலர் மூவரைக் காண்பாரேயன்றி ஒருவரைக் காணார். மூன்றும் ஒருவரே என்னும் சத்தியக்கடதாசியொன்றை ஊரிலேயே முடித்து, மொழிபெயர்ப்புக்குக் கொடுக்கும் கட்டின் மேலே அதனை வைத்துவிடல் வேண்டும்.